சந்தனம் வைத்த அளவு

எலும்புத் திருகாணித் தொழில் உப்பிலியபுரத்துக்கு எப்படி வந்தது என்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக எழுதித் தரும்படி உங்கள் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து கேட்டார்கள். நல்லபடியாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்லபடியாக எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலம் முழுக்கத் தரப் பரிசோதனையில் கழித்தவன். குறையைத் தேடுவதற்கே சம்பளம் வாங்கியவன். அதனால் குறையைத்தான் எழுதுவேன், அதிலும் என்னுடையதை முதலில் எழுதுவேன்.

உடைந்த காலுக்குள் தகடு வைத்துப் பிடிப்பதற்கான திருகாணி, பச்சைமலை அடிவாரத்தில் வெங்காயக் காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகையில் தயாராகிறது என்றால் கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். எங்கள் பழைய முதலாளி இதற்கு ஒரு மேடைப் பேச்சே வைத்திருந்தார். சின்ன வெங்காயத்தைத் தரம் பிரித்துப் பழகிய பெண்களின் விரல்களில் இயற்கையாகவே ஒரு நுட்பம் இருக்கிறதாம், அதைக் கண்டுகொண்டுதான் அவர் அங்கே போனாராம். திருச்சியில் பெரிய ஹோட்டல் ஒன்றில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டினேன்.

உண்மை என்னவென்றால், அவருடைய மாமனாருக்கு அந்த ஊரில் காலியாகக் கிடந்த ஒரு கடலைக் கிடங்கு இருந்தது. அதில் மூன்று ஃபேஸ் மின் இணைப்பும் இருந்தது. திருச்சியில் வாடகையும் கூலியும் ஏறிவிட்டன. அவ்வளவுதான் கதை. விரல் நுட்பம் என்பது அந்தப் பெண்கள் நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு எங்களுக்குத் தெரிந்த விஷயம். முன்கூட்டியே தெரிந்ததுபோல் பேசுவது முதலாளிகளுக்குக் கைவந்த கலை.

திருச்சியின் பெரிய தொழிற்சாலைக் குடியிருப்பான கைலாசபுரத்திலிருந்து ஓய்வு பெற்ற இரண்டு தேர்ந்த இயந்திரக்காரர்களைக் கற்றுக்கொடுக்க அழைத்துப் போனோம். ஒருவர் மூன்று வாரம் இருந்தார். இன்னொருவர் அந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்று பத்தாம் நாளே பெட்டியைக் கட்டிவிட்டார். மிச்சத்தை அந்தப் பெண்கள் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள். காலை எட்டு மணிக்கு வேலை ஆரம்பம் என்று திருச்சி அலுவலகம் ஆணை போட்டது. மலையடிவாரத்துக் குக்கிராமங்களிலிருந்து வரும் டவுன் பஸ் எட்டு இருபதுக்குத்தான் வந்து சேரும். ஒரு மாதம் முழுக்க அத்தனை பேருக்கும் தாமதம் என்று அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார்கள். நான் போய்ப் பேசி எட்டரை என்று மாற்றினேன். இதைக்கூட ஒரு சாதனையாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் புது ஊரில் தொழில் தொடங்கப் போகிறவர்கள் இயந்திரம் வாங்குவதற்கு முன் பஸ் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் ஆள் நிற்கவில்லை. கதவு சாத்திய குளிர் அறை, தலையில் தொப்பி, முகத்தில் துணி, உள்ளே வெளியூர் ஆண்கள் நாலு பேர். ஊர் சும்மா இருக்குமா? கல்யாணமாகாத பெண்களை அனுப்ப யாரும் தயாராக இல்லை. வந்தவர்களையும் மாமியார்கள் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

இதை மாற்றியது ஆயுத பூஜைதான். அந்த வருஷம் கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, ஊரையே உள்ளே கூப்பிட்டோம். நான் ஸ்ரீரங்கத்துக்காரன், நெற்றியில் ஸ்ரீசூர்ண நாமம் போடுபவன் என்பதால் பூஜையை நானே செய்யவேண்டும் என்று அந்தப் பெண்கள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, கடலை, சுண்டல். தாய்மார்கள் ஒவ்வொரு இயந்திரத்தையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, "இதுல எது எங்க பாப்பா ஓட்டுறது?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். அடுத்த வாரமே வேலை கேட்டு வாசலில் ஆள் நின்றது. அதிலிருந்து ஆயுத பூஜை என்றால் எங்கள் யூனிட்டில் திருவிழாதான். அது இல்லாமல் அந்த ஊரில் இந்தத் தொழில் வேர் விட்டிருக்காது என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இரண்டாவது வருஷத்தில் வேலைக்கு வந்தவள் தமிழரசி. வெங்காய மண்டியில் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள். பன்னிரண்டாவது வரை படிப்பு, இரண்டு குழந்தைகள், கணவர் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுபவர். வேலைக்குப் போகக் கூடாது என்று மாமியார் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்தார் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். நாலே வருஷத்தில் அளவு பார்க்கும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. புதிதாக வருகிற பெண்கள் அத்தனை பேருக்கும் கருவியைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள். நான் அல்ல. என் மேஜையில் அதற்கான சான்றிதழ் இருந்தது, அது வேறு விஷயம்.

இனி நான் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். கடைக்காரரிடம் முத்திரை போட்ட எடைக்கல் இருப்பதுபோல, எங்களிடம் ஒரு எஃகு உருளை இருந்தது. மாஸ்டர் என்போம். விரல் நீளம்தான் இருக்கும். தினமும் காலையில் எல்லா அளவுக் கருவிகளையும் அதை வைத்துத்தான் சரிசெய்வோம். மாஸ்டர் தப்பினால் அன்றைய நாளே தப்பு. அதனால் அதை வெல்வெட் பெட்டியைவிட்டு அநாவசியமாக வெளியே எடுப்பதில்லை. ஆயுத பூஜையிலும் பொட்டு பெட்டியின் மேல்தான் விழும்.

தமிழரசி பொறுப்புக்கு வந்த பிறகு ஒரு வருஷம், ஆயுத பூஜையன்று விளம்பரப் புத்தகத்துக்குப் படம் எடுக்க ஒரு போட்டோக்காரரை முதலாளி அனுப்பியிருந்தார். பெட்டிக்குப் பொட்டு வைத்தால் படத்தில் எடுபடாது என்றார் அவர். "உள்ள இருக்குறத எடுத்து வைங்க சார், பளபளன்னு இருக்குமே" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. நம் தொழிலுக்கு அதுதானே தெய்வம் என்று ஒரு அசட்டு வசனம் வேறு பேசினேன். மாஸ்டரை எடுத்து வாழையிலையில் வைத்து, ஸ்ரீரங்கத்திலிருந்து அரைத்து எடுத்துப் போன ஈரச் சந்தனத்தை நடுவில் வைத்தேன், அதன்மேல் குங்குமம். தமிழரசி பக்கத்தில் நின்றாள். "சார், பெட்டி மேல வெச்சாப் போதுமே" என்று மெதுவாகச் சொன்னாள். நான் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி வரை தொடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் விஜயதசமி விடுமுறை, அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாள் அந்த ஈரம் எஃகின்மேல் கிடந்தது.

திங்கட்கிழமை காலை தமிழரசி அதைத் துடைத்துவிட்டு என்னிடம் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சார், சந்தனம் இருந்த எடத்துல துரு பூத்திருக்கு. எண்ணெய் போட்டுத் துடைச்சேன், போகல. நகத்துல தடவுனா தட்டுது. இத வெச்சு செட் பண்ண வேண்டாம் சார். திருச்சிலேருந்து இன்னொண்ணு வரச் சொல்லுங்க."

திருச்சி அலுவலகத்தில் இன்னொரு மாஸ்டர் இருந்தது. ஆளை அனுப்பி எடுத்து வந்தால் மதியம் ஆகிவிடும். அன்று மதியம் பன்னிரண்டுக்குள் சரக்கு வண்டி ஏறவேண்டும், சென்னையில் விமானம் பிடிக்கவேண்டும். முதலாளி காலையிலிருந்து மூன்று முறை போன் செய்துவிட்டார். வாங்குகிறவர்கள் புது ஆட்கள். முதல் சரக்கே தாமதமானால் அடுத்தது கிடைக்காது என்றார். கடைசித் தொகுதித் திருகாணிகளை அன்று காலைதான் கடைந்து அளக்கவேண்டியிருந்தது.

நான் மாஸ்டரை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு ஒரு மங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். நகத்தால் தடவிப் பார்த்தேனா என்றால், இல்லை. தடவினால் தட்டும் என்று தெரிந்ததால்தான் தடவவில்லை. இளையவர்களே, இதை நன்றாக நினைவில் வையுங்கள். அவசரத்தில் நாம் செய்கிற தப்பு பெரும்பாலும் தெரியாமல் செய்கிற தப்பு அல்ல. தெரிந்துகொள்ள மறுத்துச் செய்கிற தப்பு.

"ஒண்ணும் ஆகாதும்மா. செட் பண்ணு" என்றேன்.

"நீங்க சொல்றீங்கன்னா சரி சார்" என்றாள். அவள் முகத்தில் சரி இல்லை. மதியத்துக்குள் முடித்தாள். பதிவேட்டில் வழக்கம்போல் அளந்தவர் என்ற இடத்தில் அவள் கையெழுத்தைப் போட்டாள். அனுமதித்தவர் என்ற இடத்தில் நான் போட்டேன். வண்டி பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிட்டது.

ஒரு மாதம் கழித்து அந்தத் தொகுதி முழுக்கத் திரும்பி வந்தது. மாஸ்டரில் துரு தடித்த அளவுக்குத் திருகாணியும் மயிரிழை தடித்திருந்தது. தகட்டின் துளையில் இறுகிக்கொண்டு பாதியில் நின்றதாம். நல்லவேளையாக ஆபரேஷனுக்கு முன் சரிபார்க்கும்போதே ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. காரணம் என்ன என்று விசாரிக்க வாங்கியவர்கள் தரப்பிலிருந்து ஒரு அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

அவர் வருவதற்கு முதல் நாள் முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் பூஜையையும் துருவையும் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"இங்க பாருங்க சார். சாமி கும்பிட்டோம், அளவு கெட்டுப்போச்சுன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க? பட்டிக்காட்டுல போய் வேலை குடுத்தோமேன்னு நெனைப்பாங்க. நம்ம முறையே சரியில்லன்னு எழுதிடுவாங்க. ஆள் தப்புன்னா ஒரு ஆளோட போயிடும். முறை தப்புன்னா யூனிட்டோட போயிடும். அறுபது பொண்ணுங்க வேலை பாக்குது. நீங்களே யோசிச்சுக்குங்க."

"அப்ப ஆள்னா, நானே பொறுப்பு ஏத்துக்கறேன்" என்றேன். அந்த ஒரு நிமிஷம் நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

"நீங்க அனுமதிச்சவரு. உங்க தப்புன்னா அது மறுபடியும் முறை தப்புதான். அளந்தவங்க யாரு?"

நான் பேரைச் சொன்னேன். எத்தனையோ இரவல் காரணங்களை இதற்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அறுபது பேருக்காக ஒருத்தி என்று கணக்குப் போட்டேன். என் பெண்ணுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தோம், வேலை போனால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன். எதை முதலில் நினைத்தேன் என்று கேட்டால், இரண்டாவதைத்தான்.

விசாரணை அரை மணி நேரம்கூட நடக்கவில்லை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் முதலாளியும். இந்தப் பக்கம் நானும் தமிழரசியும். அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார், நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். அன்று காலை கருவியைச் செட் செய்வதற்கு முன் மாஸ்டரைச் சரியாகத் துடைத்தீர்களா என்பது கேள்வி. தமிழரசி, "தொடச்சேன் சார்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் திருப்பி ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கவனக்குறைவு என்று தாள் தயாரானது. அதில் தரப் பரிசோதனை மேலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

அன்று மதியமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது சும்மா சொன்னது அல்ல. அவள் ஊரில் அளவுத் தப்பு என்றால் யாருக்கு விளங்கும்? வேலையைவிட்டு நிறுத்தினார்கள் என்றால் திருடியிருப்பாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே காரணம். திருகாணி கடையும்போது உதிர்கிற டைட்டானியம் தூள் விலை உயர்ந்தது என்று எப்படியோ ஊருக்குத் தெரிந்திருந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுபோனாள் என்று பேசினார்கள். எங்கள் யூனிட் வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே இது தெரியும். போய் இல்லையென்று சொல்ல எனக்குக் கால் இருந்தது, பஸ்ஸும் இருந்தது. நான் போகவில்லை.

யூனிட் பிழைத்தது என்று இதுவரை நீங்கள் நினைத்திருந்தால் அதுவும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள், நெடுஞ்சாலையோரம் சலுகையில் இடம் கிடைக்கிறது என்று முதலாளி இயந்திரங்களை லாரியில் ஏற்றிவிட்டார். அறுபது பெண்களுக்கும் ஒரு மாதச் சம்பளமும் ஒரு சில்வர் குடமும் கொடுத்தார். யூனிட்டைக் காப்பாற்றத்தானே ஒருத்தியைக் கொடுத்தோம், இப்போது என்ன என்று அவரிடம் கேட்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. எனக்கும் அதே மாதம் ஓய்வு. மாலையோடு திரும்பி வந்தேன்.

நீங்கள் இன்று வேலை பார்க்கிற கொட்டகைகள் பிறந்தது அதற்குப் பிறகுதான். வேலை போன பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, நகையை அடகு வைத்துப் பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, ஒருத்தி வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. கை வேலை கற்ற பிறகு வெங்காயத்துக்குத் திரும்பிப் போக அவர்களுக்கு மனம் இல்லை, வெளியூர் போக வழியும் இல்லை. ஒரு இடத்தில் புதுத் தொழில் எப்படி வருகிறது என்று கேட்டீர்களே, இப்படித்தான் வருகிறது. ஒருவன் தன் லாபத்துக்காக வருகிறான், தன் லாபத்துக்காகவே போகிறான். போக முடியாதவர்கள் அதைத் தொழிலாக்குகிறார்கள். பிறகு அவன் வந்து பொன்னாடை வாங்கிக்கொள்கிறான். சென்ற வருஷம் ஒரு பாராட்டு விழாவில் வாங்கிக்கொண்டான். அந்த வெங்காய விரல் பேச்சை மறுபடியும் பேசினான்.

அந்த விழாவில்தான் கொட்டகை நடத்தும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். தமிழரசியிடம் பயின்றவள். "அக்காவ எங்க அளவு ரூமுக்குக் கூப்பிட்டோம் சார். அவங்களும் வரேன்னாங்க. சரக்கு வாங்குறவங்க பழைய கம்பெனில விசாரிச்சிருக்காங்க. அங்கேருந்து ஒரு பேப்பர் அனுப்பிட்டாங்க. அதோட காப்பிய எங்களுக்கு அனுப்பி, அக்கா இருந்தா ஆர்டர் தர முடியாதுன்னுட்டாங்க" என்றாள். ஒன்றல்ல, மூன்று கொட்டகைகளில் இப்படி நடந்திருக்கிறது. அவளிடம் கற்றவர்கள் எல்லாம் முதலாளிகளாகவும் மேலாளர்களாகவும் இருக்கிறார்கள். அவள் மட்டும் மண்டியில் வெங்காயம் பிரிக்கிறாள்.

அடுத்த வாரம் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து எதிர்த்திசையில் சத்திரம் பேருந்து நிலையம் போய் ஏறினால்தான் துறையூர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அங்கிருந்து இன்னொரு பஸ். மண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தார்ப்பாய் நிழலில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். தமிழரசி என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சார்" என்றாள். தலை நரைத்திருந்தது. பக்கத்துப் பெண்ணை அனுப்பி எனக்கு மோர் வாங்கி வரச் சொன்னாள். மறுபடி உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கோத்துவைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. தப்பு என்னுடையது, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும் என்று மட்டும் சொன்னேன். வெங்காயத்தில் பெரியது ஒரு பக்கமும் பொடிசு ஒரு பக்கமும் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்போதும் என் புத்தி எங்கே போனது பாருங்கள், அவள்மேல் ஒரு பங்கைப் போடப் பார்த்தேன்.

"நீயாவது அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. துரு இருந்துச்சு, நான் வேண்டாம்னு சொன்னேன்னு ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?"

அவள் கை நின்றது. என்னை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை, அது இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே சார்."

மோர் வந்தது. குடிக்க முடியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பி வந்து நடந்தது அத்தனையும் எழுதி பழைய கம்பெனிக்கும், வாங்குகிற மூன்று நிறுவனங்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலாளியின் மகன் போன் செய்து, முடிந்துபோன கோப்பைத் திறக்க முடியாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றார். மற்றவர்களிடமிருந்து பதில் இல்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அவளைப் பற்றி வந்த அந்தத் தாளின் நகல் உங்கள் கொட்டகை அலமாரிகளில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். கவனக்குறைவு என்ற வார்த்தைக்குக் கீழே இருப்பது என் கையெழுத்து. அந்த வார்த்தை பொய் என்று கையெழுத்துப் போட்டவனே சொல்கிறேன். இதற்கு மேலும் அவள் மண்டியில் உட்கார்ந்திருந்தால், இனி அது நான் மட்டும் செய்த தப்பாக இருக்காது.